முப்பத்தொரு நாள் ஜனாதிபதி

சுவிஸில், பீல் நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன கிழமை பேத்தி பள்ளிக்கூடத்தில் ஃபோர்த்ராக் செய்ய வேண்டும் என்றாள். வகுப்புக்கு முன் நின்று பேசுவதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். யாரும் அதிகம் அறியாத ஓர் அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றியாம்.

"அம்மம்மா, அந்த மனுசன் குளிருக்குள்ளை கோட்டும் போடாமல் ரெண்டு மணித்தியாலம் கதைச்சவராம். பிறகு காய்ச்சல் வருத்தம் வந்து..."

"முப்பத்தொரு நாளிலை செத்துப்போனார்" என்று சொல்லிவிட்டேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் போஞ்சிக்காயை முறித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஊரில் எங்கள் பள்ளிக்கூடம் அமெரிக்க மிஷன்காரர் கட்டியது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது தம்பியைப் பெற்ற கையோடு அம்மா இறந்துபோனார். முப்பத்தொரு நாளும் சாவுத் துடக்கு, தீட்டு என்று நான் பள்ளிக்குப் போகவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி முடிந்து பள்ளிக்குப் போன அன்றே வாத்தியார் ஒரு தாளை நீட்டினார்.

"இதைப் பாடமாக்கு. அமெரிக்காவிலையிருந்து துரைசாணி ஒராள் வாறா. நல்லாச் சொன்னியெண்டால் போர்டிங்கிலை இடம் தருவா."

ஆறாம் வகுப்பு எங்கள் ஊரில் இல்லை. அந்த இடம் கிடைக்காவிட்டால் என் படிப்பு அவ்வளவுதான். அது எனக்கும் விளங்கியது.

தாளில் அந்த ஜனாதிபதியின் வாழ்க்கை முழுவதும் இருந்தது. சண்டைகளில் வென்ற தளபதி, வயதுபோன பிறகு வந்த பதவி, அதுவும் ஒரே மாதம், பின்னொரு காலத்தில் அவருடைய பேரனும் ஜனாதிபதி. தம்பிக்குப் பால் கரைக்கும்போதும் உலையில் அரிசி போடும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

துரைசாணி வந்து முன்னால் இருந்தார். நான் எழுந்து நின்றேன். பதவியேற்றது, குளிரில் பேசியது, படுக்கையில் விழுந்தது, முப்பத்தோராம் நாள் இறந்தது வரை பிழையில்லாமல் சொன்னேன். அடுத்தது பேரன். முப்பத்தொன்று என்று வாயில் வந்ததும் நாக்கு தன்பாட்டில் வேறு வழியில் போய்விட்டது.

"முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்தார்கள். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "அமெரிக்காவிலை ஏதடி கீரிமலை?" என்றாள் பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி. "ஐயருக்குத் தட்சணை டொலரிலையோ?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வாத்தியார் குனிந்து துரைசாணியின் காதில் ஏதோ சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, பேரனைச் சொல்லாமலே போய் இருந்துவிட்டேன்.

பின்னேரம் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். என் வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் வருகிறார் என்று அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். துரைசாணி இடம் தந்துவிட்டார், பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்கத்தான் வாத்தியார் வந்தார் என்பதைப் பல வருடம் கழித்து அப்பாதான் சொன்னார். அன்று எனக்குக் கேட்டது அப்பாவின் குரல் மட்டும்.

"அதெல்லாம் சரி வாத்தியார். இந்த வீட்டிலை ஆர் சமைக்கிறது?"

என்னைக் காப்பாற்ற அப்பா கதையை மாற்றுகிறார் என்று நினைத்தேன். சந்தோசம் தாங்காமல் வெளியே வந்தேன்.

"நான் சமைக்கிறன் அப்பா."

வாத்தியார் என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்தார். காற்றுப் போகாத நல்ல சைக்கிளில் ஏறி மிதிக்காமல், எங்கள் ஒழுங்கை முடிந்து பெருந்தெரு வரும் வரை அவர் ஏன் அதை உருட்டிக்கொண்டே போனார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.