மானேஜர் ஏறிய பஸ்

ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி, பத்து காவான் என்ற ஊரில் உள்ள எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு பஸ் போகும். காலை வேலைக்குப் போகும் பெண்கள் இருபது பேர் அதில் ஏறுவோம். பழைய பஸ். பாதி நாள் தாமதம். தாமதமானால் எங்கள் பன்ச் கார்டில்தான் சிவப்பு எழுத்து விழும்.

மலாய் நன்றாக எழுதுவேன் என்பதால் என்னைத் தொழிற்சங்கக் கமிட்டியில் போட்டிருந்தார்கள். பஸ் தாமதம் பற்றி மானேஜரோடு நடந்த கூட்டத்தில் வாய் திறப்பேன் என்று நானே நினைக்கவில்லை. மானேஜர் சுங்கை பாக்காப்பிலிருந்து காரில் வருகிற தமிழர். "நீங்க கொஞ்சம் வெள்ளன கிளம்பினா சரியாயிடும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"பஸ்ஸு வந்தாத்தானே சார் கிளம்ப முடியும்? ஒரு நாளு எங்களோட வந்து பாருங்களேன்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். "சரி, திங்கக்கிழமை வரேன்."

சொன்னபடியே விடியற்காலையில் மார்க்கெட் எதிரே, நாங்கள் பஸ் ஏறும் இடத்தில் வந்து நின்றார். ஆனால் அன்று பார்த்து பஸ்ஸும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது! ஞாயிறு முழுவதும் ஓட்டுநர் அண்ணன் அதைக் கழுவித் துடைத்து, முன்னால் மாலை வேறு போட்டிருந்தார்.

"என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"பெரியவரு வராருலா. மானம் போகக் கூடாதுல்ல!"

போச்சு, எங்கள் புகாரெல்லாம் பொய்யாகப் போகிறது என்று நினைத்தேன். பாலத்துக்கு ஏறும் முன் குபுகுபுவென்று கரும்புகை வந்தது. பஸ் ஓரமாக ஒதுங்கி நின்றது. பின்னால் யாரோ கைதட்டியே விட்டார்கள். அண்ணன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

மானேஜர் இறங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தார். பக்கத்து சீட்டு அக்கா, தேங்காய்ப்பால் சோறு கட்டிய நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டினாள். "சாப்பிடுங்க சார். மெக்கானிக் வர நேரமாகும்லா."

சாலையோரத்தில் நின்றபடியே வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தோம். எங்களுடனே வரிசையில் வந்து நின்றவர், ஒவ்வொரு கார்டிலும் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் 'பஸ் தாமதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபது கார்டும் முடிந்தபோது கையை உதறிக்கொண்டார். அடுத்த மாதமே பஸ் தாமதம் எங்கள் கணக்கில் சேராது என்று கடிதம் வந்தது.

தீபாவளி கழிந்து புது பஸ்ஸும் வந்தது. பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும். முதல் நாள் அண்ணன் அதை ஏழெட்டுத் தடவை திறந்து மூடிக் காட்டினார். நாங்களும் ஏறாமல் கீழே நின்று ரசித்தோம்.