எங்க பயலுகளுக்கு ஒரு குறையும் இல்ல

இளவட்டப் பயல்களின் மனநலத்தைப் பற்றி ஊர்க்காரர்களே ஆராய்ச்சி செய்ய ஒரு நிறுவனம் பணம் தருகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் இராமேசுவரம் தீவில் ஆம்பளைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கை கால் முறியும், குடி பழகும். மனசு என்று ஒன்று இருந்து அது நோகும் என்பதை எங்கள் மீனவத் தெருவில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. முந்தின வருஷம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். வயிற்றுவலி தாங்காமல் செய்துவிட்டான் என்றது ஊர். வயிற்றுவலி, வயிற்றுவலி என்று சொல்லியே இன்னும் எத்தனை பேரை அடக்கம் செய்வார்களோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

நான் இந்த ஊர்ப் பெண். மிஷன் ஆஸ்பத்திரியில் உதவியாளாக வெகுகாலம் இருந்தவள். கட்டியவர் போன பிறகு எனக்கு வாய் இன்னும் நீண்டுவிட்டது என்பார்கள். சரிதான். பயல்கள் என்னை அத்தை என்று கூப்பிடுவார்கள். அம்மாவிடம் சொன்னால் அழுவாள், அய்யாவிடம் சொன்னால் அடிப்பார், அத்தையிடம் சொல்லலாம். நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு இது காரணமாக இருக்காது, ஆனால் வேலை நடந்ததற்கு இதுதான் காரணம்.

முதலில் நிறுவனம் சொன்னபடி சமுதாயக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். சில பேர் வந்தார்கள், போனை நோண்டினார்கள், டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்து உட்கார்ந்தால் எவன் பேசுவான்? நாற்காலியை மடக்கிவிட்டு வலைக் கொட்டகைக்குப் போனேன். எங்கள் விசைப்படகுகள் வாரத்தில் சில நாள்தான் கடலுக்குப் போகலாம், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. படகு கரையில் கிடக்கிற நாளில் பயல்கள் வரிசையாக உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபண்ணுவார்கள். கைக்கு வேலை இருக்கும், கண் வலையில் இருக்கும், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்க வேண்டியதில்லை. நானும் ஒரு முனையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்ன அத்த, சும்மா உக்காரச் சம்பளமா?" என்று கேலி.

"ஒன் மூஞ்சியப் பாக்குறதுக்கு இந்தச் சம்பளம் பத்தாதுடா" என்பேன்.

கேலியெல்லாம் ஓய்ந்த பிறகு பேச்சு வரும். அப்படித்தான் ஊர்த் தலைவரின் மகன் பேசினான். அவன் போன படகை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய், அங்கே சில மாதம் சிறையில் கிடந்து திரும்பியவன். வந்து இறங்கிய அன்றைக்கு மாலை போட்டு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று ஊர் நினைத்தது.

"கண்ண மூடுனா நேவிக்காரன் லைட்டு மூஞ்சில அடிக்குது அத்த" என்றான் அவன், வலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தூங்குறியா இல்லியா?"

"எங்கன தூங்க? உக்காந்தே இருப்பேன். படகுல ஏறுனா கை நடுங்குது. வலைய இழுக்கிற மாதிரி குனிஞ்சிக்கிருவேன். எவனுக்கும் தெரியாது."

பக்கத்திலிருந்தவன் நூல்கண்டை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். மாட்டேன் என்றான். மனநல டாக்டர் அறை வாசலில் ஊர்க்காரன் எவனாவது பார்த்துவிட்டால் தங்கச்சி கல்யாணம் நின்றுபோகும். அவளுக்குப் பாம்பனில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு மனநல டாக்டரம்மா உண்டு. அவர் வாரம் ஒரு தடவை இந்தக் கொட்டகைக்கே வந்து எல்லோரோடும் உட்கார்ந்தால் பேசுவாயா என்று கேட்டேன். "வந்தா பேசுறேன் அத்த" என்றான். டாக்டரம்மாவும் சம்மதித்தார். அவர் வருவதற்கு இரண்டாம் வருஷப் பணம் வேண்டும். ஊரை நேரில் பார்த்துவிட்டுத்தான் பணம் உண்டா இல்லையா என்று சொல்வோம் என்றது நிறுவனம். அந்தப் பையன் டாக்டரம்மா வருவார் என்ற அந்த ஒரு வாக்கை நம்பிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெளியாள் முன்னால் ஊர்க் குறையைப் பேசக் கூடாது. அடிதடி என்றாலும் ஊர்க் கமிட்டிக்குள்ளே தீர்த்துக்கொள்ள வேண்டும், போலீசுக்குப் போவதென்றால்கூடக் கமிட்டியைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். வெளியாள் வந்தால் தலைவர் பேசுவார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் சொன்னதை அந்த இடத்தில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஒரு படகு திரும்பாவிட்டால் மொத்த ஊரும் ஒரே சொல்லில் தேடக் கிளம்புவதும் இந்தக் கட்டுப்பாட்டால்தான், அதனால் அதை வெறுமனே திட்டவும் என்னால் முடியவில்லை.

நிறுவனத்தார் வருவதற்கு முந்தின நாள் தலைவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, வாறவுங்க நம்ம வீட்டுல சம்பந்தம் பேச வரல. கஷ்டம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் காசு தருவாங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றேன்.

"நீ போத்தா. என்ன பேசணும்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

நிறுவனத்திலிருந்து வயதான ஒருவரும் ஒரு இளம்பெண்ணும் வந்தார்கள். தெருவைக் கூட்டி, தோரணம் கட்டி, கோயில் மைக்கில் வரவேற்புச் சொல்லி, சால்வை போர்த்தி, நண்டும் விளமீனுமாகச் சாப்பாடு போட்டு ஊர் அமர்க்களப்பட்டது. குடிக்கிறவன்களை அன்றைக்கு மட்டும் தெருப்பக்கம் வரக் கூடாது என்று கமிட்டி சொல்லியிருந்தது. பயல்களை வெள்ளைச் சட்டை போடவைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

அந்தப் பெண் நல்ல பெண். மெதுவாகத்தான் கேட்டது. "உங்க ஊர்ப் பசங்க மனசு கஷ்டப்படுறாங்கன்னு படிச்சோம். அதைப் பத்திச் சொல்லுங்க சார்."

தலைவர் எழுந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். எங்க பயலுகளுக்கு ஒரு குறையும் இல்ல. கடல்ல போறவனுக்கு மனசு உறுதியாத்தான் இருக்கும். நேவிக்காரன் புடிச்சிட்டுப் போயி ஜெயில்ல போட்டவனே சிரிச்ச மொகமாத்தான் வந்து எறங்குனான். இந்தா உக்காந்திருக்கான் பாருங்க, எம் மகன்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவன் எழுந்து நின்றான். அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க தம்பி" என்றது. அவன் தன் அய்யாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நல்லாத்தான் மேடம் இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தான். அவ்வளவு நன்றாகச் சிரிப்பான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஊர்க் கட்டுப்பாட்டை மீறி நான் பேசியிருப்பேன். இந்த வாய் யாருக்குப் பயந்தது? ஆனால் கொட்டகையில் கேட்டது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொரு பயலுக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன், ஆராய்ச்சியின் முதல் விதியே அதுதான். இல்லை, இவனுக்கு ராத்திரி தூக்கம் இல்லை என்று நான் சொன்னால் அவனை ஊர் நடுவில் நிற்கவைத்துத் துணியை உருவுவதாக ஆகும். பொதுவாக, "வெளிய தெரியாத கஷ்டம் நெறைய இருக்கு" என்று மட்டும் எழுந்து சொன்னேன். "நம்ம புள்ளதான், கொஞ்சம் பயந்த சுபாவம்" என்று என்னைக் காட்டிச் சொன்னார் தலைவர். விருந்தாளிகளும் சேர்ந்து சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அந்தப் பெண் போனில் கூப்பிட்டது. பேர் போடாமல் நீங்கள் எழுதி அனுப்பிய முதல் வருஷ அறிக்கை நன்றாக இருக்கிறது, ஆனால் ஊரில் பார்த்தது வேறு மாதிரி இருந்தது, எந்த அடியிலிருந்தும் எழுந்துவிடும் மீள்திறன் உங்கள் சமூகத்துக்கு அதிகம், இதைவிடத் தேவை அதிகமுள்ள இடத்துக்குப் பணத்தைக் கொடுக்க முடிவாகிவிட்டது என்றது. மீள்திறனாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திறன் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். அந்தப் பெண்ணைத் திட்டவும் மனம் வரவில்லை. கண்ணால் பார்த்ததைத்தானே நம்பும்? கொட்டகையில் போய்ப் பயல்களிடம் சொன்னேன். தலைவர் மகன், "சரி விடுங்க அத்த" என்றான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அவன் கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டான். பாதையில் பார்த்தால் ஒதுங்கிப் போனான். தங்கச்சி நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு மங்களூர்ப் படகுக்கு வேலைக்குப் போய்விட்டான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தலைவர் என் வீட்டுக்கு வந்தார். அந்த மனிதர் என் வாசற்படி ஏறியதே கிடையாது. நாற்காலியைப் போட்டேன், உட்காரவில்லை.

"மங்களூர்ல கூட இருக்கிற பய போன் போட்டான். இவன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறானாம். ராத்திரி படகு வெளிம்புல தனியாப் போயி நிக்கிறானாம், ரெண்டு தடவ புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தானாம்" என்றார். "ஒன்கிட்ட ஏதாச்சும் சொல்லிருந்தானாத்தா?"

வாக்கை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது? இருக்கிறதைச் சொன்னேன். கேட்டு முடிக்கும்போது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த மதுரை அம்மாவ வரச் சொல்லு. நான் அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட உண்மையச் சொல்றேன்" என்றார்.

அவர் எதிரிலேயே அந்த நிறுவனப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் வருத்தப்பட்டது, உண்மையாகவே வருத்தப்பட்டது. ஆனால் இந்த வருஷ நிதி முழுக்க வேறு மாவட்டத்துக்கு ஒதுக்கியாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றது. மதுரை டாக்டரம்மா போனிலாவது பேசுகிறேன் என்றார், ஆனால் அவன் ஒத்துக்கொள்ள வேண்டும். அதை அவனிடம் அய்யாதான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உன்னைத் திட்ட மாட்டேன் என்று முதலில் சொல்லுங்கள், தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள், உன்மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள், அப்புறம் டாக்டரம்மா பேச்சை எடுங்கள் என்று பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தோம்.

"ஏலே, நாந்தான்."

"சொல்லுங்கய்யா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"அங்கன மழையா?"

"இல்லய்யா."

அவர் என்னைப் பார்த்தார். கேளுங்கள் என்று கையைக் காட்டினேன்.

"வேற ஏதும் வேணுமாலே?"

"ஒண்ணும் வேணாம்யா. நல்லா இருக்கேன்."

"சரி, வையி."

போன் அணைந்துவிட்டது.

"பொய் சொல்றான்ல?" என்றார்.

"ஆமாண்ணே. திரும்பப் போடுங்க."

போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.