வாசலில் கழற்றி வைத்த கால்

துவாக்குடிப் பக்கம் கல்லூரிகளில் பேசப் போனால் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "மேடம், இந்த வேலைக்கு எந்த சாஃப்ட்வேர் தெரிஞ்சிருக்கணும்?" செயற்கைக் கால் செய்தே தலை நரைத்துப்போன எனக்கு அந்தக் கேள்வி அலுத்துவிட்டது. சாஃப்ட்வேரை உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். மற்றதற்கு எங்கே போவது?

ஸ்ரீரங்கத்தில் ஒரு அம்மா. கணவர் இல்லை, ஒரே மகள். விபத்தில் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. அம்மா வீட்டில் தனியாக நடமாடினால்தான் அவள் போக முடியும். கால் செய்து நடை பழக்கும் எங்கள் கூடத்தில் அந்த அம்மா புதுக் காலோடு அழகாக நடந்தார், படிகூட ஏறினார். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து மகள் போன் செய்தாள். "மேடம், அம்மா வீட்டுக்குள்ள காலே போடறதில்லைங்க. செவத்தப் பிடிச்சு நொண்டிக்கிட்டே அடுப்படிக்குப் போறாங்க. நேத்து விழுந்துட்டாங்க. நான் எப்படிங்க கிளம்பறது?"

காவிரிப் பாலத்து நெரிசலில் நொந்து நூலாகி அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றது நான் செய்த கால்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, இதுக்கா நான் இவ்ளோ பாடுபட்டேன்?"

"தெருவெல்லாம் மிதிச்சதுங்க அது. சாமி விளக்கு எரியற எடத்துக்கு எப்படிங்க கொண்டு போறது?"

பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான், தோல் துளிகூட இல்லை என்றேன். அவர் அசைந்துகொடுக்கவில்லை.

"சரி, வெளிய போயிட்டு வந்தா இன்னொரு காலை என்ன பண்றீங்க?"

"கழுவிட்டு உள்ள வருவேன்."

"அப்ப இதையும் கழுவுங்க."

"தண்ணி படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னதும் சரிதான். கால்போலத் தெரிவதற்காக மேலே ஒட்டிய ஸ்பாஞ்ச் உறை தண்ணீரில் ஊறினால் நாறிவிடும்.

அந்தக் காலைக் கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து உறையை உரித்துப் போட்டேன். உள்ளே இருந்த குழாயில் தண்ணீர் புகாமல் அடைத்தேன். செருப்பின் உயரத்துக்கு ஏற்ப வைத்திருந்த பாதத்தை வெறுங்கால் நடைக்கு மாற்றினேன்.

"பார்க்க வெறும் குழாய்தான், பரவால்லியா?" என்று அந்த அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"பொடவை மறைச்சுக்குமுங்க."

வாசல் குழாயடியில் இரண்டு காலையும் கழுவி, துடைத்து, எதையும் பிடிக்காமல் அடுப்படிவரை போனார். மகள் அழுதேவிட்டாள். அடுத்த வாரமே சென்னைக்குக் கிளம்பினாள்.

அதன்பின் ஒருநாள் கால் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். வீடு முழுக்க நடந்து காட்டினார். ஒரு குறையும் இல்லை. "அடுப்படியில ரொம்ப நேரம் நிக்க முடியுதாம்மா?" என்று கேட்டேன்.

"நிக்கலாங்க," என்றார். "யாருக்குங்க சமைக்கிறது?"