தொப்பி மாற்றுகிற ரூடெல்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் ரூடெல் சேவிஸ் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை, சீலிங்கைத்தான் பார்ப்பான். கதவருகே நின்று அண்ணாந்து, ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கண்ணை ஓட்டி, "இது ஸ்ட்ரிக்லண்ட் பயலுக வேலைதானே? பட்டி தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள பசி வந்துருச்சு போலருக்கு" என்பான். அதற்கப்புறம்தான் வீட்டுக்காரரிடம் சௌக்கியம் விசாரிப்பான். பெம்ப்ரோக் ஊரில் லம்பீ என்கிற பூர்வகுடிச் சனங்கள் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதல் கேள்வி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பது. ரூடெலுக்கு அந்தக் கேள்வியே வேண்டாம். சீலிங்கைப் பார்த்தே எந்த மச்சான் வேலை செய்தான், நடுவில் சண்டை வந்து ஆள் மாறியதா என்றெல்லாம் சொல்லிவிடுவான். பாதிக்கு மேல் சரியாக இருக்கும். மீதியை, அவன் சொல்லிவிட்டானே என்று சனங்களே சரியாக்கிக்கொள்வார்கள்.

நாற்பத்தோரு வருடங்களாக ஜிப்சம் பலகை அறைந்து, மூட்டுகளில் பட்டி பூசித் தேய்க்கிற தொழில். ஆள் ஐந்தடி நாலு அங்குலம். சீலிங் எட்டுவதற்காகக் காலில் கட்டிக்கொள்ளும் அலுமினியப் பொய்க்கால் இன்னொரு இரண்டரை அடி. பதினெட்டு வயதில் அதில் ஏறியவன் மனதளவில் இறங்கவேயில்லை என்று அவன் அக்கா ஆர்டெத் சொல்வாள். காலையில் அவள் சமையலறைக்கு வந்து சர்க்கரை தூக்கலாகப் போட்ட காப்பியை வாங்குவான். இந்தப் பக்கத்தில் அதற்கு எலிக் என்று பெயர். பழக்கதோஷத்தில் கப்பைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜின் தலையில் வைப்பான். பிறகு மேசையெல்லாம் தேடுவான்.

"இந்த வீட்டுல கப்பு நடக்குதுக்கா."

"நடக்குது. நீ இங்க வந்தா மட்டும் நடக்குது."

கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "எனக்குப் பிடிச்ச பொண்ணை எல்லாம் வீட்டுக்குக் கூட்டியாந்தேன். அக்கா ரெண்டு கேள்வி கேப்பா. மூணாவது கேள்வியில அது எங்களுக்குச் சித்தி முறையாப் போயிடும்" என்பான். குடியிருப்பது அக்கா வீட்டுக்குப் பின்னால் பைன் மரங்களுக்கடியில் நிற்கும், சக்கரம் வைத்த வண்டி வீட்டில். அங்கே சீலிங் கைக்கு எட்டுகிற உயரம்தான். அதில் இதுவரை பட்டி பூசியதில்லை.

ஆர்டெத் அவனுக்கு மூன்று வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தையல் ஆலையில் இருபத்தேழு வருடம் சட்டைக் காலர் தைத்தவள். எதையும் இரண்டு முறை அளப்பாள். அந்த இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகப்பட்டு மூன்றாவது முறையும் அளப்பாள். ஜூலை முதல் வாரம், வெளியூர்ச் சனமெல்லாம் ஊர் திரும்பும் திருவிழாவின் சனிக்கிழமை ஊர்வலத்தில் ரூடெல் பொய்க்காலோடு நடப்பதற்கு நீளக் கால்சட்டை தைத்துத் தருவது அவள்தான். விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன முக்கோணங்களாகத் துணியை மடித்து, பைன்காயின் அடிப்பக்கம் போல வட்டத்துக்குள் வட்டமாக வைத்துத் தைப்பாள். "இவன் ஒருத்தன் காலுக்கு நான் போடுற துணியில ரெண்டு கல்யாணப் பொண்ணுக்குப் பாவாடை தைக்கலாம்" என்று எல்லாரிடமும் அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொள்வதற்கென்றே சிலர் வீட்டுக்கு நடந்து போவாள்.

ஊர்வலத்தில் ரூடெல் சும்மா நடப்பதில்லை. வேடிக்கை பார்ப்பவர் தலையிலிருந்து தொப்பியை லாவகமாக எடுத்து, பத்தடி தள்ளி நிற்கும் வேறொருவர் தலையில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். பின்னால் சிரிப்பு தொடரும். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க வெறுந்தலைகள் தங்கள் தொப்பியை விசாரித்துக்கொண்டு அலையும். பால்ட்டிமோரிலிருந்து வந்த பிள்ளைகள் இதை வெறும் கோமாளித்தனம் என்று நினைப்பார்கள். ஊர்க்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆர்டெத்துக்கு மட்டும் தெரியும். மே மாதம் தொடங்கியதும் அவள் ஒரு பழைய நோட்டில், குண்டு குண்டான எழுத்தில், ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்று எழுதுவாள். காரணத்தையும் எழுதுவாள்: வேலித் தகராறு, சபை இரண்டாகப் பிரிந்தது, இரவல் வாங்கிய படகு ஆற்றோடு போனது. ரூடெல் அதைக் காலைக் காப்பியோடு மனப்பாடம் செய்வான். ஊர்வலத்தில் தொப்பிகள் அந்த நோட்டின்படிதான் இடம் மாறும். தொப்பியை மீட்க வேண்டுமானால் போய் வாசலில் நின்று வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். வாசலுக்கு வந்தவனைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்புகிற வீடு இந்தச் சதுப்பு நிலத்தில் கிடையாது.

போன வருடம் அப்படிக் காய்ட் ரெவெல்ஸின் வைக்கோல் தொப்பி போனது. காய்ட் ஊர்வலக் கமிட்டியில் ஒழுங்குக்குப் பொறுப்பானவர். மஞ்சள் அங்கி, விசில், கையில் காகிதம் செருகிய ஒரு அட்டை. நான்கு வருடமாக எல்லைக்கல் விவகாரத்தில் முகம் பார்க்காத ஹூபர்ட் ஜேக்கப்ஸின் தலைக்கு அது போய்ச் சேர்ந்தது. தொப்பி கேட்கப் போன காய்ட் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார், தலையில் தொப்பியும் கையில் பொட்டலம் கட்டிய கோழிக் குழைசோறுமாக. மறுநாளே எல்லைக்கல் தகராறு தீர்ந்துவிட்டது. ஒரு தொப்பியால் சமாதானமாகிப்போன அந்த அவமானத்தைத்தான் காய்ட் பொறுக்கவில்லை.

இந்த வருடம் ஏப்ரல் மாதக் கடைசியில் கமிட்டிக் கடிதத்தோடு அவரே நேரில் வந்தார். தபாலில் போட்டால், கிடைக்கவில்லை என்று ரூடெல் சொல்லிவிடுவானாம்.

"ஒரு தொப்பி, ரூடெல். ஒரே ஒரு தொப்பியைத் தொட்டாலும் அதோட உன் ஊர்வலம் முடிஞ்சுது. சாகுற வரைக்கும் ஓரமா நின்னுதான் பாக்கணும்."

"காத்துல பறந்து வந்து என் கையில விழுந்தா என்னண்ணே பண்றது?"

"கீழ போடு."

"சோறு நல்லாத்தான இருந்துச்சு?"

காய்ட் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று ரூடெல் கப்பை மேசையிலேயே வைத்துவிட்டான். அதைப் பார்த்தே ஆர்டெத்துக்கு விஷயத்தின் கனம் தெரிந்தது. வருடத்தில் முன்னூற்று அறுபத்துநாலு நாள் அவனைச் சனங்கள் குனிந்து பார்ப்பார்கள். அந்த ஒரு நாள், ஒன்றரை மைல் தூரம், ஊரே அண்ணாந்து பார்க்கும். அது போய்விட்டால் அவனிடம் மிஞ்சுவது மற்றவர் வீட்டு சீலிங்தான்.

எனவே அவள் இந்த வருடக் கால்சட்டைக்குப் பக்கத்துக்கு ஒன்றாக ஆழமான பை வைத்தாள். அளவு பார்க்க அவனை முக்காலியில் ஏற்றிவிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு சொன்னாள்: "கையை இதுக்குள்ள போட்டுக்கோ. போட்ட கையை வெளிய எடுக்காத. நோட்டும் கிடையாது இந்த வருஷம்."

"சரிக்கா. அடுத்த வருஷமும் நடக்கணும்னு எனக்கும் ஆசை இருக்குல்ல." கொஞ்ச நேரம் பைக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தான். "நோட்டு எழுதியிருந்தா ஒரு பேரு விட்டுப்போயிருக்கும், இல்ல?"

ஆர்டெத் வாயிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, ஏற்கெனவே குத்தியிருந்த மடிப்பிலேயே மறுபடி குத்தினாள்.

விட்டுப்போன பெயர் டார்சி பிரேபாய். ஆலையில் பத்தொன்பது வருடம் ஆர்டெத்துக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் சபை நிதிக்காக அவள் அதே பைன்காய் வட்டங்களில் மெத்தைவிரிப்பு ஒன்று தைத்துக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தாள். எல்லாரும் வாய் பிளந்து நிற்கையில் ஆர்டெத் மட்டும் விரலால் எண்ணினாள். "நாலாவது வட்டத்துல ஒரு முக்கோணம் குறையுது டார்சி" என்றாள், போதகர் உட்பட அறுபது பேர் முன்னால். "மரத்துல இருக்குற காயையும் எண்ணிட்டு வா, போ" என்றாள் டார்சி. அவ்வளவுதான். அன்றிலிருந்து கோயிலில் இருவருக்கும் நடுவே ஆறு வரிசை பெஞ்சு. ஒரு முக்கோணம் குறைந்தது உண்மைதான். மற்றவர்களின் காரணத்தையெல்லாம் எழுதியவள், இதை மட்டும் எழுதவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே வெயில் தார் ரோட்டை இளக்கியது. ஆர்டெத் மடக்கு நாற்காலியில், ஊதா நிற வலை வைத்த தன் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு, வடக்கு ஓரம் உட்கார்ந்திருந்தாள். தெற்கு ஓரத்தில், சரியாக எதிரே, கீரையும் பன்றிக்கொழுப்பும் வைத்த சோள அடையைப் பிய்த்துத் தின்றபடி டார்சி. நடுவில் ரோடு.

முதலில் பள்ளிக்கூட வாத்தியக் குழு, பிறகு அழகிப் போட்டியில் ஜெயித்த இளவரசிகளின் வண்டி, பிறகு சபை வண்டி. அதன் பின்னால், டிராக்டர் வரிசைக்கு முன்னால், ரூடெல். இரண்டு கையும் பைக்குள். பக்கத்திலேயே காய்ட், விசில் உதட்டில்.

"ரூடெல், இந்தா என் தலை. எடுத்துக்கோடா" என்று ஒருவர் தலையை நீட்டினார்.

"கை இல்லண்ணே. காய்ட் அண்ணன் வாங்கி வச்சிருக்காரு."

"போன வருஷம் எடுத்த, இந்த வருஷம் என் தலைக்கு என்ன குறைச்சல்?"

"உன் தலையில பேனு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

காய்ட் சிரிக்கவில்லை. சனங்களும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பதை நிறுத்திவிட்டு வெறுமனே பார்த்தார்கள். ஆர்டெத்துக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு, பொய்க்காலில் ஒரு துணிக்கடைப் பொம்மை நடந்து வருவதுபோலத் தோன்றி, பார்க்கப் பிடிக்காமல் விளிம்புத் தையலை மட்டும் பார்த்தாள்.

அவளுக்கு நேரே வந்ததும் ரூடெல் நின்றான். "அக்கா, வலது காலு விளிம்புல தையல் விட்டுருக்கு பாரு."

பொய்க்காலில் நிற்பவனால் குனிய முடியாது. உட்கார்ந்திருப்பவள் தலை அவனுக்கு எட்டாது. தையல் விட்டது என்று கேட்டபின் ஆர்டெத்தால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்தாள். இரண்டடி முன்னால் வந்தாள். தையல் எங்கேயும் விடவில்லை என்று அவள் கண்டுபிடித்தபோது தலையில் வெயில் அடித்தது.

ஊதாத் தொப்பி உயரத்தில் போனது. சனங்கள் மூச்சை இழுத்தார்கள். காய்டின் விசில் அலறியது. ரூடெல் நீளநீளமாக நாலே எட்டு வைத்து ரோட்டைக் குறுக்கே கடந்தான். என்ன கலவரம் என்று எழுந்து நின்ற டார்சியின் தலையில், மெதுவாக, வலை முன்பக்கம் வருமாறு வைத்தான்.

காய்ட் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "ரூடெல். இதோட சரி. அடுத்த வருஷம் கிடையாது."

"தெரியும்ண்ணே" என்று ரூடெல் ஊர்வலத்தோடு சேர்ந்து மேலே நடந்தான்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. டார்சி எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏய் ஆர்டெத்து. இது இறுக்குதுடி."

"இழுத்து விடாத. உன் தலைக்கு அது விரிஞ்சு போயிடும்."

"வந்து எடுத்துக்கோ, அப்ப."

ஆர்டெத் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். தொப்பி வாங்கப் போகிறவளுக்கு நாற்காலி எதற்கு? ஆனாலும் அதைச் சத்தமில்லாமல் மடக்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். முதல் டிராக்டர் அவளுக்கு இருபதடி தூரத்தில் உறுமிக்கொண்டு வந்தது.

காய்ட் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அட்டையைக் கைமாற்றிக்கொண்டு, நடு ரோட்டுக்குப் போய், வலது உள்ளங்கையை உயர்த்தி டிராக்டர்களை நிறுத்தினார்.