நான் வட்டம் போட்ட கல்லூரி

வாழப்பாடி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் பல வருஷமாக பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். மற்ற மாதங்களில் பட்டா, ஆதார் திருத்தம் என்று ஏதாவது ஓடும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கடை வாசலில் செருப்பு விட இடமிருக்காது. நான் கல்லூரிப் படி ஏறியவள் இல்லை. ப்ளஸ் டூ முடித்த வருஷமே எனக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள். ஆனாலும் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் எந்தக் கல்லூரிக்குப் போவது என்பதை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் பெருமையாக நினைத்த காலம் ஒன்று இருந்தது.

நெடுஞ்சாலை ஓரம் ஒரு என்ஜினீயரிங் கல்லூரி வந்தது. ஆரம்பத்தில் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவே இரண்டே கட்டடம். அதன் பஸ் காலையில் எங்கள் ஊரில் நின்று, நாலைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலி சீட்டுகளோடு போகும். கவுன்சலிங்குக்கு விருப்பப் பட்டியல் போடும்போது அதைக் கடைசியில் சேர்க்கச் சொன்னால்கூட ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

பிறகு ஒரு வருஷம், அங்கே படித்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்குச் சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. அவளுக்கு விண்ணப்பம் போட்டவள் நான். அவள் அப்பா ஸ்வீட் பாக்ஸோடு கடைக்கு வந்து, எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டார். அது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கல்லூரியைச் சொன்னேன். முந்தைய வருஷக் கட்-ஆஃப் பட்டியலை பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரில் வட்டம் போட்டேன். வட்டத்தைப் பார்த்தவர்கள் அதையே கேட்டார்கள். கேட்பவர்கள் கூடியதும் கட்-ஆஃப் ஏறியது. ஏறிய கட்-ஆஃபைக் காட்டி அடுத்து வந்தவர்களை நம்ப வைத்தேன். மூன்றாவது வருஷம் பஸ்ஸில் பிள்ளைகள் நின்றுகொண்டு போனார்கள். ஆண்டுவிழாவுக்கு என்னை அழைத்து மேடையில் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். அதற்கு முன்னால் அந்தக் கல்லூரிக்குள் நான் காலடி வைத்ததே இல்லை. அங்கே பாடம் எப்படி நடத்துகிறார்கள் என்று இதுவரை யாரிடமும் கேட்டதும் இல்லை.

அந்த வருஷம்தான் ப்ளஸ் டூ முடித்த இன்னொரு பெண் வந்தாள். கூட அவள் அம்மா. அம்மா பாக்குக் களத்தில் பாக்கு உரிக்கிற வேலை செய்பவர். கறை ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. மகளுக்கு நல்ல மார்க். சர்வர் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்துக் கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து, பெரிதாக்கிக்கொண்டே போய், "அம்மா, இதான் உன் களம்" என்று காட்டினாள். அந்தம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

நான் சொன்ன வரிசையிலேயே கல்லூரிகளைப் போட்டாள். போட்டு முடித்ததும் சொன்னாள்:

"இது கெடைக்கலேன்னாலும் பரவால்லக்கா. சேலத்துல கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜுக்கும் போட்டிருக்கேன். ஜியாகிரபிக்கு."

"ஜியாகிரபி படிச்சிட்டு என்ன பண்ணுவ?"

"படிக்கணும்க்கா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கவுன்சலிங்கில் அவளுக்கு வட்டம் போட்ட கல்லூரியே கிடைத்தது, கம்ப்யூட்டர் சயின்ஸ். கிடைத்த சீட்டைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும், செய்த பிறகு மாற்ற முடியாது. கடைசி நாள் மத்தியானம் அம்மா மட்டும் கடைக்கு வந்தார். மகள் தோழியோடு சேலத்துக்குப் போயிருந்தாள். ஆர்ட்ஸ் கல்லூரியில் அன்றைக்குத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரே போன், அது அம்மாவின் கையில் இருந்தது. தோழியிடமும் போன் இல்லை, மகளைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை.

"வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தாங்க போச்சு. ஆனா எனக்கு பயமா இருக்குதும்மா. இது கை நழுவிப் போயிருச்சுன்னா?"

"ஆர்ட்ஸ் காலேஜ் எப்ப வேணும்னாலும் கெடைக்கும்க்கா. இந்த சீட்டுக்கு எத்தனை பேரு அலையறாங்க தெரியுமா?"

"எனக்கு என்னங்க தெரியும்? நீங்களே ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கம்மா."

மாலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது. அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காத்திருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தம்மா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எனக்கு வாசலில் கூட்டம் நின்றது. அதோடு, அந்தச் சீட்டை ஒருத்தி வேண்டாம் என்று விட்டால், அது என் வாக்கைத் தட்டிவிட்ட மாதிரியும் இருந்தது. போனுக்கு வந்த ஓடிபி எண்ணை அந்தம்மா ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, நான் அடித்து, உறுதி செய்தேன்.

அரைமணி நேரத்தில் அவள் வந்தாள். சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. பிளாஸ்டிக் கவரில் சர்டிபிகேட்டுகள்.

"அக்கா, எனக்கு ஜியாகிரபி குடுத்துட்டாங்க. நாளைக்குச் சேரச் சொல்லிட்டாங்க."

அவள் அம்மா என்னைப் பார்த்தார். நான் பிரின்ட் எடுத்து வைத்திருந்த தாளை அவளிடம் நீட்டினேன். அவள் நின்றபடியே முழுவதையும் படித்தாள். பிறகு மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

"சரிங்கக்கா."

அழவில்லை, சண்டை போடவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். 'நல்லது செய்தாய்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அவள் வாழ்க்கை கெட்டுப்போகவில்லை. நாலு வருஷமும் ஒழுங்காகப் படித்தாள், பெங்களூரில் வேலை கிடைத்தது. கல்லூரி வைத்த ஃப்ளெக்ஸில் அவள் படமும் இருந்தது. அந்தம்மா பாக்குக் களத்துப் பெண்களை ஒவ்வொருவராக என்னிடம் அழைத்து வந்து, "இவங்கதான் எம் பொண்ணுக்கு வழி காட்டினவங்க" என்பார். அப்படி அவர் சொல்லும்போதெல்லாம் ஸ்கிரீனைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொள்வேன்.

போன பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்தபோது, அம்மாவின் ரேஷன் கார்டில் ஏதோ திருத்தத்துக்காகக் கடைக்கு வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. என்ன வேலை என்று கேட்டேன்.

"டெஸ்டிங்க்கா. மத்தவங்க செஞ்சதுல தப்பு இருக்கான்னு பாக்கறது."

இத்தனை வருஷம் கேட்காமல் விட்டதைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு உன்னக் கேக்காம பட்டன அமுக்கிட்டேன் கண்ணு. என் மேல கோவமா?"

அவள் ரேஷன் கார்டைப் பைக்குள் வைத்தாள்.

"கோவமெல்லாம் இல்லக்கா. நீங்க காத்திருந்தாக்கூட, அம்மா மொகத்தப் பாத்துட்டு இதையேதான் எடுத்திருப்பேனோ என்னமோ." பையின் ஜிப்பை மூடினாள். "ஆனா அத நானே எடுத்திருப்பேன்ல?"

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு வந்து நின்றார்கள். அவள் சிரித்து, "வரேன்க்கா" என்று கிளம்பினாள்.

இந்த வருஷம் விண்ணப்பம் தொடங்கிய முதல் வாரம் ஒருவர் வந்தார். பேளூர்ப் பக்கம் தோட்டம் உள்ளவர். மகளின் மார்க் ஷீட்டை மேசையில் வைத்து, "எது நல்ல காலேஜோ அத மேல போட்டு உடுங்கம்மா" என்றார்.

"பொண்ணக் கூட்டிட்டு வாங்கண்ணா."

"அதுக்கு என்னங்க தெரியும்? சின்னப் புள்ள."

"அது வந்தாத்தான் போடுவேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த இன்னொரு பிரவுசிங் சென்டருக்குப் போனார். பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்து, பிரின்ட் எடுத்த தாளோடு வெளியே வந்து வண்டியைக் கிளப்பினார்.