அம்மா முகம் போட்ட குங்குமப் பாக்கெட்

எங்கள் அம்மா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அட்டையைப் பார்த்ததும் உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். கணவரை இழந்தவரின் நெற்றியில் இவ்வளவு பெரிய குங்குமப் பொட்டா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுத்தும் இருப்பீர்கள். அச்சகத்தில் படத்தைக் கொடுத்தபோதே நம் பெரியவர் ஒருவர், “அந்தப் பொட்டை மட்டும் அழிச்சுடச் சொல்லும்மா, பெரிய வேலை இல்லை” என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அம்மா பிறந்தது பாலக்காட்டை ஒட்டிய ஓர் அக்கிரஹாரத்தில். திருமணமாகி பம்பாய் மாட்டுங்காவுக்கு வந்தபோது அவருக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் காய்கறிக்காரரிடம் விரலை மட்டுமே காட்டிப் பேரம் பேசி ஜெயித்துவிடுவாராம். அப்பா கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அம்மாவின் தம்பியான எங்கள் மாமா பட்டப்படிப்பை முடித்து வேலை தேடி வந்து எங்களோடேயே தங்கினார். பகலில் டைப் அடித்தார். மாலையில் வியாபார நிர்வாக வகுப்புக்குப் போனார். அங்கே படித்ததை எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு மறு வகுப்பு எடுப்பார். தட்டில் ரசம் ஆறிக்கொண்டிருக்கும், மாமா வாடிக்கையாளரின் மனநிலையை விளக்கிக்கொண்டிருப்பார். “முதல்ல சாப்பிடுடா, வாடிக்கையாளர் ஓடிப்போயிட மாட்டார்” என்பார் அம்மா.

அம்மா மஞ்சளையும் சுண்ணாம்பையும் படிகாரத்தையும் கலந்து வீட்டிலேயே குங்குமம் செய்வார். அந்தச் சிவப்பு வேறு யார் கைக்கும் வராது. நவராத்திரிக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்டு வாங்கிப் போக, இதையே விற்றால் என்ன என்று மாமாவுக்குத் தோன்றியது.

“எல்லாரும் பாக்கெட் மேல அம்பாள் படம் போடறா. காலிப் பாக்கெட்டைக் குப்பையில போட யாருக்காவது மனசு வருமா? அந்தப் பயத்துல உதிரியா வாங்கிண்டு போயிடறா. நாம மனுஷி படம் போடுவோம். பக்கத்தாத்து அக்கா மாதிரி ஒரு முகம்” என்றார் மாமா. கைவசம் இருந்த அக்கா எங்கள் அம்மாதான்.

ஸ்டூடியோவுக்கு நானும் போயிருந்தேன். அம்மா கூச்சத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். காமிராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அப்பா, “இனிமே பம்பாய் பூரா என் ஆத்துக்காரியைப் பார்க்கும். நான் கியூவில நிக்கணும் போலிருக்கே” என்றார். அம்மா அவரை அதட்டத்தான் திரும்பினார், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் விளக்கு மின்னியது. நேராகப் பார்க்கச் சொல்லி இன்னொன்று எடுக்கலாம் என்றார் போட்டோக்காரர். இதுதான் வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று எல்லாக் கடைகளிலும் அம்மா சரம் சரமாகத் தொங்கினார். தாராவியில் அதற்கு ‘அக்கா குங்குமம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் அப்பா அலுவலகம் போகும் வழியில், ரயிலிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பத்தாம் நாள் நடந்ததை எழுத மாட்டேன். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள், பார்த்தீர்கள்.

அதற்குப் பின் அம்மா முதன்முதலாக ஜன்னலைத் திறந்தபோது எதிர்க்கடையில் அந்தச் சரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதே முகம், அதே பொட்டு. அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டார். வெகுகாலம் அது திறக்கவே இல்லை. பள்ளிக்குப் போகும் வழியில் கிழிந்து மிதிபட்டுக் கிடக்கும் அம்மாவை நான் தாண்டிப் போவேன். ஸ்டேஷன் படியில் கிடப்பார், சாக்கடை ஓரத்தில் மிதப்பார். வீட்டுக்கு வந்தால் வெறும் நெற்றியோடு ஓர் அம்மா கதவைத் திறப்பார். எனக்குச் சில நாட்கள் வீட்டுக்குள் நுழையவே பயமாக இருந்தது.

மாமா தன் பேராசிரியரிடம் ஓடினார். அவர் சொன்ன பாடத்தை அப்படியே அம்மாவிடம் வந்து ஒப்பித்தார். “பாக்கெட்ல இருக்கறது மனுஷா இல்லையாம் அக்கா, சின்னமாம். ஜனங்க பழகின சின்னத்தை மாத்தப்படாதாம். அது நீ இல்லைன்னு நினைச்சுக்கோ.”

“நான் இல்லைன்னா, அவளுக்கு ஆத்துக்காரர் இருக்காரா?” என்று கேட்டார் அம்மா. வகுப்பில் அதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

மாட்டுங்காவில் எல்லோருக்கும் சேதி தெரியும். கோயில் தெருக் கடைகளிலிருந்து பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. மாமா அவசரமாகத் தாமரைப் பூப் போட்டுப் புதுப் பாக்கெட் அச்சடித்தார். அதைத் தாராவி சீந்தவில்லை, அந்த அக்கா எங்கே என்று கேட்டது. அப்பாவின் சம்பளம் நின்ற வீட்டில் உலை கொதித்தது அந்தக் குங்குமத்தால்தான். பழைய படத்தைப் போட்டால் தாராவிக்கும் விஷயம் எட்டிவிடுமோ என்று மாமாவுக்கு நடுக்கம். அம்மா வெளியாட்கள் கண்ணில் படக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டமே வந்துவிட்டது.

தாராவியில் வீடு வீடாகப் போய் நம் குங்குமத்தை விற்றவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்மணி ஒருவர். பெயர் வேண்டாம், தாராவி அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். சரக்கு எடுக்க வந்த அவர் ஒரு மத்தியானம் கதவைத் தட்டினார். எப்போதும் சரக்கு எடுத்துக் கொடுக்கும் மாமா அன்று வெளியே போயிருந்தார். குங்குமம் கலந்துகொண்டிருந்த அம்மா, சிவந்த கைகளோடு தன்னை மறந்து கதவைத் திறந்துவிட்டார்.

தாராவி அக்கா அம்மாவின் நெற்றியையே பார்த்தார்.

“நீங்கதானா அது?”

“யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா. குழந்தைகளுக்கு இதுதான் சாப்பாடு” என்றார் அம்மா. அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

தாராவி அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “நான் யாருட்டக்கா சொல்லப் போறேன்? எங்க வீட்டு ஆளு போயி வருசமாச்சு. வெறும் நெத்தியோட போனா எவ குங்குமம் வாங்குவா? எங்க தெருவைத் தாண்டினதும் வச்சிக்கிடுதேன். சாயங்காலம் குழாயடியில கழுவிட்டுத்தான் உள்ள நுழையுதேன். உங்க குங்குமம் லேசுல போகாதுக்கா. தேச்சுத் தேச்சு நெத்தி காந்துது.”

அவர் பொட்டு வேர்வையில் கோணலாக வழிந்திருந்தது. அம்மா அவர் எதிரில் உட்கார்ந்து, சிவந்திருந்த தன் விரலால் அதை வட்டமாகத் திருத்திவிட்டார். இருவரும் அழுதார்கள். பிறகு அம்மா காபி போட உள்ளே போனார்.

அன்று மாமா வந்ததும், “தாமரையை எடுத்துடு. அவளையே போடு” என்றார் அம்மா.

“மாட்டுங்காவில வாங்க மாட்டாளே அக்கா?”

“வாங்காட்டா போறா. அவளுக்கு ஒண்ணும் ஆகலைடா. அவர் எதிர்லதான் நிக்கறார். அவளாவது பார்த்துண்டு இருக்கட்டும்.”

அதன்பின் அம்மா பாக்கெட்டில் இருப்பவரை ‘அவள்’ என்றே சொல்வார். எங்களைப் படிக்க வைத்ததும் செம்பூரில் எனக்குத் திருமணம் செய்துவைத்ததும் அந்த ‘அவள்’தான். மணமேடைக்கு அம்மா வரவில்லை, பின்கட்டிலேயே நின்றுகொண்டார். என் நெற்றியில் இட்டது மட்டும் அவர் கலந்த குங்குமம்.

கடைசி மாதங்களில் அம்மா என் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். ஒரு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னும் அங்கேயே நிக்கறாரா பாருடி” என்பார். “நிக்கறார்மா” என்பேன். நானும் அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வேன். இன்றும் காலையில் குங்குமம் எடுக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன்.

அம்மா போன பிறகு மாமா வந்தார். “படத்தை எடுத்துடலாம்டி, என்னால பார்க்க முடியலை” என்றார். “சின்னத்தை மாத்தப்படாதுன்னு படிச்சேளே மாமா?” என்று கேட்டேன். சின்னக் குழந்தை மாதிரி விம்மினார். படம் அப்படியே இருக்கிறது.

அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட எங்கள் காலனி டாக்டருக்கும், முறை வைத்துக்கொண்டு கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், எங்களைத் தகப்பனாக நின்று வளர்த்த மாமாவுக்கும் நன்றி சொல்லி மாளாது. தாராவி அக்கா இப்போது வியாபாரத்தை விட்டு மகனோடு ஊருக்கே போய்விட்டார். புறப்படும்போது, “எழுது தாயி, இனி எனக்கென்ன” என்றார். அவருக்கும் எங்கள் நமஸ்காரம்.

அட்டையை இன்னொரு முறை பாருங்கள். அம்மா உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் தோளுக்குச் சற்று அப்பால் பார்க்கிறார். நீங்கள் குறுக்கே நின்றால் தயவுசெய்து கொஞ்சம் விலகிக்கொள்ளுங்கள். அங்கே எங்கள் அப்பா நிற்கிறார்.