ஐசியூவுக்குள்ள போன டேப்லெட்

இன்னைக்குக் காலையில அவருக்குத் தொண்டைக் குழாய எடுத்துட்டாங்க!

எட்டு நாள் கழிச்சு இப்பதான் உக்காந்து டைப் பண்றேன். போன் எடுக்காததுக்கு எல்லாரும் மன்னிச்சுக்குங்க.

குடவாசல் பக்கம் எங்க வயலுக்குப் போற வழியில, வாய்க்கால்ல டிராக்டர் கவுந்து என் வீட்டுக்காரருக்கு விலா எலும்பு முறிஞ்சிருச்சு. தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம். மூச்சுக்குக் குழாய் போட்டாங்க. பேச முடியாது. வலது கையில மாவுக்கட்டு வேற.

அஞ்சாம் நாள் ஒரே தவிப்பு. தலைய ஆட்டுறார், இடது கையால கட்டில்ல தட்டுறார். குழாயப் பிடுங்கிருவாரோன்னு பயந்து அந்தக் கையையும் கட்டிட்டாங்க. மருந்து மயக்கம், அப்படித்தான் இருக்கும்னாங்க.

எனக்கு மனசு கேக்கல. கட்ட அவுக்கச் சொல்லி, பேனா குடுத்துப் பாத்தேன். விரல்ல நிக்கவே இல்ல.

அப்பதான் என் தம்பி தோஹாலேருந்து கொண்டுவந்த டேப்லெட் என் பையில கிடக்கிறது ஞாபகம் வந்துச்சு.

புதுசா வந்திருக்கிற ஐட்டம். சிலேட்டு சைஸ். கீபோர்டு இல்ல, மவுஸ் இல்ல, கேமரா கூட இல்ல. விரலால தொட்டாப் போதும். ஒரு தடவ சார்ஜ் போட்டா பகல் பூரா தாங்குது.

(போனும் இல்லாம கம்ப்யூட்டரும் இல்லாம இது எதுக்குடான்னு அவனத் திட்டினவ நான்தான்.)

அதுல தமிழ் எழுத்து வராது, வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியுது. அதனால டாக்டர்கிட்ட கேட்டுட்டு, படம் வரையற பக்கத்தத் திறந்து அவர் கைக்கு எட்டுற மாதிரி பிடிச்சேன்.

ஆள்காட்டி விரலால மெதுவா இழுத்தார். கோணல்மாணலா ரெண்டே வார்த்தை.

"கால் வலி."

நர்ஸ் போர்வைய விலக்கினாங்க. இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்திருந்துச்சு. உடனே ஸ்கேன் எடுத்தாங்க. உள்ள ரத்தம் கட்டியிருக்கு.

"இது நுரையீரலுக்குப் போயிருந்தா ரொம்ப ஆபத்தும்மா. நல்லவேளை, சொல்லிட்டார்"னு டாக்டர் சொன்னார்.

அன்னைக்கே ரத்தக்கட்டுக்கு ஊசி போட ஆரம்பிச்சாங்க.

இப்ப வார்டுக்கு மாத்தியாச்சு. குரல் வந்ததும் முதல் கேள்வி, டிராக்டர் என்னாச்சுன்னு. (எட்டு நாளா கூடவே இருந்தவளப் பத்தி ஒண்ணும் கேக்கல!)

ஐசியூலேருந்து சாமான எடுக்கும்போது நர்ஸ் தயங்கிக்கிட்டே வந்தாங்க.

"அக்கா, அந்த டேப்லெட்ட பக்கத்து பெட்டுக்குக் கொஞ்சம் குடுப்பீங்களா?"

அங்க இருக்கிறவர் பூம்புகார் மீனவர். அவருக்கும் குழாய். சம்சாரம் என்ன கேட்டாலும் மூணு நாளா கண்ணீர்தான் பதில்.

பிடிச்சுக் காட்டினோம். ரொம்ப நேரம் எடுத்து எழுதினார்.

"தண்ணி."

குடிக்கக் கூடாது. நர்ஸ் பஞ்ச நனைச்சு உதட்டுல ஒத்தினாங்க. அவர் கண்ண மூடிக்கிட்டார். அந்தம்மா என் கையப் பிடிச்சவங்க விடவே இல்ல.

டேப்லெட்ட அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்.

சார்ஜரக் குடுக்கத்தான் இப்ப திரும்பக் கிளம்புறேன்.